ஒரு சொல்லுக்கு மட்டும் இடம்

மூதூரில் தந்த படிவத்தில்
'தொழில்' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு கோடு.
என் சுண்டுவிரல் நீளம்.

ஒரு சொல் எழுதினால் போதும் அக்கா, என்றாள்
உத்தியோகத்தர் பிள்ளை ரிஸ்மியா.
நல்ல பிள்ளை. பேனையும் தந்தாள்.
எந்த மாசத்துத் தொழிலை எழுத, என்றேன்.
சிரித்தாள்.
நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை.

மாசியில் அவருக்குத் தோப்பூரில் அருவி வெட்டு.
வெட்டுவது இப்போது மெஷின்தான்,
மெஷின் திரும்ப முடியாமல் விட்ட மூலைகள் அவருக்கு.
பங்குனியில் கடல் படுத்துவிட்டால்
அழகுதுரையின் தோணியில் மூன்றாம் ஆள்.
மூன்றாம் ஆளுக்கு மீனில் கால் பங்கு,
எண்ணெய்க் கடனில் முழுப் பங்கு.
ஆடி மாசம் நிலாவெளி ஹோட்டலில்
நீச்சல் குளத்து இலை அள்ளுவார்.
கடலுக்கு முன்னால் ஏன் குளம் கட்டினார்கள் என்று
இரண்டு வருசமாக யோசிக்கிறார்.

கார்த்திகையில் ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததுதான் என்னுடைய தொழில்:
இடுப்பளவு களப்பில் இறங்கி
பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு
சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பது.
வாயில் பறி இருக்கும்வரை
எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.
எனக்கு அது பிடிக்கும்.

இதையெல்லாம் எந்தச் சொல்லில் அடக்க?

பின்பக்கத்தில் நான்கு பெட்டி.
ஐந்து ஆடு. தையல் மெஷின். வலை. தண்ணீர் மோட்டர்.
ஒன்றுக்கு மட்டும் சரி போட வேண்டும்.

இரவு சோறு ஆறியது.
வலை என்றார் அவர்,
தோணி ஆருடையது என்று நான் கேட்க முதலே
தலையைக் குனிந்தார்.
ஆடு என்றான் சின்னவன்,
இரண்டுக்குப் பெயரும் வைத்துவிட்டான்.
தையல் மெஷினை நிருபா வேண்டாமென்றாள்:
புவனேஸ்வரி மாமி வீட்டிலும் ஒன்று தந்தவர்கள்,
அதற்கு மேலேதான் டிவி இருக்கிறது.

நான் வேறு கணக்குப் பார்த்தேன்.
எது மழையில் சாகாது.
எது தின்னக் கேட்காது.
செவ்வாய்க்கிழமை லோன்காரர் வந்து வாசலில் நின்றால்
எதைப் பின்வழியால் கொண்டுபோய்
அழாமல் அடகு வைக்கலாம்.

மோட்டர், என்றேன்.

எங்களிடம் கிணறு இல்லையே, என்றார்.
கந்தப்போடி அண்ணனிடம் கிணறு இருக்கிறது.
வெங்காயப் பாத்திக்கு வாளியால் இறைத்து
முதுகு கூனிய மனுசன்.
மணிக்கு இவ்வளவு என்று பேசலாம்.
காசில்லாத நாளில் வெங்காயம் தரட்டும்.
கறிக்கு அரைவாசி, சந்தைக்கு அரைவாசி.

ஒருவரும் பேசவில்லை.
சின்னவன் மட்டும் தன் ஆடுகளுக்காக
கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினான்.

ஆனால் மோட்டர் விவசாயிக்குத்தான் கொடுப்பார்களாம்.
சின்ன எழுத்தில் கீழே போட்டிருக்கிறது.
விளக்கடியில் பிடித்து நிருபா வாசித்தாள்.

கோட்டில் 'விவசாயம்' என்று எழுதினேன்.
சொல் அளவாக இருந்தது, தைத்துப் போட்டது போல.
அவர் எட்டிப் பார்த்து,
எங்கட வயல் எந்தப் பக்கம் என்றார்.
அன்றைக்கு முதல்முறையாக எல்லோரும் சிரித்தோம்.

படம் ஒன்று ஒட்ட வேண்டும்.
அலுமாரியில், சட்டைத் துணிக்குக் கீழே
ஒரு உறை இருந்தது.
இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல்,
திருகோணமலை ஸ்டூடியோவில் எடுத்த எட்டுப் படம்,
முன்னொரு கார்த்திகையில்
கட்டார் போவதென்று ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டு
அவருக்குச் சொல்லாமல் எடுத்தது.

ஒன்றைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன்.

எப்போது எடுத்தாய் என்று அவர் கேட்கவில்லை.
மிச்சத்தை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்.
ஏழு.
ஈரம் படாமல்
திரும்ப அதே உறைக்குள் வைத்தார்.